கடைசி ஆளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

மாரத்தானைவிட நீளமான மலைப்பாதை அல்ட்ரா ஓட்டங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் பந்தயங்களில் வால்பக்கத்தில் ஓடுகிறவன். ஓடுகிறவன் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். ஏற்றத்தில் நடப்பேன், சமதளத்தில் ஓடுவேன், இறக்கத்தில் முழங்கால் விட்டால் ஓடுவேன். ஓடாத வருடங்களில் தன்னார்வலராக, வழியில் உணவும் தண்ணீரும் தரும் எய்ட் ஸ்டேஷனில் நின்று சூப் ஊற்றியிருக்கிறேன். பரிசு மேடையில் ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. வால்பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் கண்ணில் படுகிற சில விஷயங்கள் உண்டு. அவற்றை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். பந்தயத்தைத் திட்டமிட உட்காரும்போது முதலில் வரப்போகிறவரை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசியாக வரப்போகிறவரிலிருந்து தொடங்குங்கள். உணவு, மருத்துவர், வண்டி, வழிகாட்டும் ரிப்பன், வானிலை, எத்தனை மணிக்குள் வந்தாக வேண்டும் என்ற கட்-ஆஃப் எல்லாவற்றையும் அவரை வைத்தே தீர்மானியுங்கள். முன்னால் ஓடுகிறவருக்கு அதனால் எந்த நஷ்டமும் வராது.

மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகப் போகும் யு.டி.எம்.பி. பந்தயத்தின் தூரம் சுமார் 170 கி.மீ.; ஏற்றம் மட்டுமே ஏறத்தாழ 10,000 மீட்டர். சமீப ஆண்டுகளில் முதலிடம் பிடிப்பவர் அதை 20 மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார். கட்-ஆஃப் 46 மணி 30 நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்புகிற பந்தயம் என்பதால் ஜெயிக்கிறவர் பார்ப்பது ஒரே ஒரு ராத்திரி. சனிக்கிழமை பிற்பகல் அவர் குளித்துச் சாப்பிட்டுக் காலை நீட்டிவிடலாம். கடைசி ஆளுக்கு இரண்டு முழு ராத்திரி. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம் அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது, கட்-ஆஃப் 30 மணி நேரம். 2019-இல் ஜிம் வாம்ஸ்லி அதை 14 மணி 9 நிமிடத்தில் முடித்தார். அதாவது ஜூன் மாத மாலை, 7 மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஹெட்லேம்ப்புக்கு வேலையே இல்லாத பந்தயம் அவருடையது. அதே பாதையில், அதே மாதிரி நம்பரைக் குத்திக்கொண்டு, ராத்திரி முழுக்கக் காட்டுக்குள் இருந்துவிட்டு மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஓட்டத்தளத்தில் நுழைகிறவர் ஓடியது வேறொரு பந்தயம். அந்த இரண்டாவது பந்தயத்தையும் நடத்துகிறவர்கள் நீங்கள்தான். ஆனால் உங்கள் திட்டத்தாளில் பெரும்பாலும் முதல் பந்தயம்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சியரா நெவாடா மலையில் 1955-இலிருந்து டெவிஸ் கப் என்று ஒரு நூறு மைல் குதிரை ஓட்டம் நடந்து வந்தது. 1974-இல் கார்டி ஐன்ஸ்லி குதிரையை விட்டுவிட்டுத் தன் காலாலேயே அந்தப் பாதையை ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் வளர்ந்தது அங்கிருந்துதான். இந்தக் கதையில் எல்லோரும் ஐன்ஸ்லியைப் பார்க்கிறார்கள், எனக்குக் குதிரைகள்தான் கண்ணில் படுகின்றன. அந்த ஓட்டத்தில் இடையிடையே கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். நாடித்துடிப்பு இறங்குகிறதா, நொண்டுகிறதா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறாத குதிரை எத்தனை வேகமாக வந்திருந்தாலும் அதோடு சரி. முதல் பத்து இடத்துக்குள் வந்த குதிரைகளில் நல்ல உடல்நிலையோடு முடித்ததற்குத் தனிக் கோப்பையே உண்டு. மனிதர்களுக்கு வந்தபோது பல பந்தயங்களில் அந்தச் சோதனை காணாமல் போய்விட்டது, கடிகாரம் மட்டும் தங்கிவிட்டது. எங்களை வெளியே அனுப்புவதும் உள்ளே விடுவதும் மணி பார்த்துத்தான். நேரத்துக்குள் வந்துவிட்டால் நடுங்கிக்கொண்டிருப்பவரையும் அடுத்த கணவாய்க்கு அனுப்பிவிடுகிறார்கள். குதிரைக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லையே.

அடுத்து வருவது எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் முடியாது. 2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரைக் கல்வனப் பகுதியில் 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள். மதியவாக்கில் குளிர்மழையும் ஆலங்கட்டியும் பெருங்காற்றும் சேர்ந்து அடித்தன. 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது உடல்வெப்பம் வடிந்துபோனது. இரண்டாவது செக்பாயின்ட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சுமார் 8 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம், ஒதுங்க இடமில்லாத கல்லும் மண்ணும். வண்டி போக வழியில்லாத பகுதி அது. காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை, ‘கொண்டுவந்தால் நல்லது’ பட்டியலில் இருந்தது. ஆறு பேரைக் காப்பாற்றியவர் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். தான் ஒதுங்கியிருந்த குகைக்கு அவர்களைக் கொண்டுபோய்த் தீ மூட்டிச் சூடேற்றினார். அந்தப் பாதையில் வேலை செய்த மீட்பு ஏற்பாடு என்று நினைவில் நிற்பது அவருடையதுதான்.

கான்சுவில் இறந்தவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். மெதுவாக வந்தவர்களில் பலர் அந்த ஏற்றத்தைத் தொடும் முன்பே திரும்பியதால் பிழைத்தார்கள். ‘கடைசி ஆள், கடைசி ஆள் என்கிறாயே, அங்கே செத்தது முன்னால் போனவர்கள்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். அந்த 8 கிலோமீட்டரைப் பலசாலி ஒருவர் நல்ல வானிலையில் எவ்வளவு வேகமாகக் கடப்பார் என்று கணக்குப் போட்டால், நடுவில் எதுவும் தேவையில்லை என்றுதான் விடை வரும். களைத்துப்போய், நனைந்து, நடையாக ஏறுகிற ஒருவர் அங்கே எத்தனை மணி நேரம் சிக்கியிருப்பார் என்று கேட்டிருந்தால் ஒரு கூடாரம், நான்கு போர்வை, ஒரு ரேடியோ, திரும்பி இறங்க ஒரு வழி என்று பட்டியல் நீண்டிருக்கும். பலவீனமானவருக்காகப் போட்ட கூடாரத்தில் பலசாலியும் ஒதுங்கலாம். மலை புரட்டிப் போட்டால் எல்லோரும் கடைசி ஆள்தான்.

உடம்பு எப்படிச் சூட்டை இழக்கிறது என்பதை உங்கள் மருத்துவக் குழு என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஓடுகிறவரை உடம்பே அடுப்பு. வேகம் குறையக் குறைய அடுப்பு தணிகிறது. ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குளிர்கிறது, அதோடு காற்றும் ஈரச் சட்டையும் சேர்ந்துகொள்கின்றன. வயிற்றில் எதுவும் தங்காததால் எரிப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒருமுறை கணவாய் ஒன்றின் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கட்டாயப் பொருளான மழைச்சட்டை அவருடைய பையிலேயே இருந்தது, அடியில், ஓடும்போது உண்கிற ஜெல் பாக்கெட்டுகளுக்குக் கீழே. விரல் விறைத்துப்போய் ஜிப்பின் இழுப்பைப் பிடிக்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து பையைத் திறந்து, சட்டையைப் போட்டுவிட்டு, அதன் தலைமூடியை இழுத்துக் கட்டினோம். காலையில் பொருள் சோதனை செய்த மேசையில் அவர் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். மழை தொடங்கும் முன்பே, மேலே ஏறுவதற்கு முந்தைய ஸ்டேஷனில், ‘சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பொருளைச் சரிபார்க்க வேண்டிய இடம் தொடக்கக் கோடு மட்டும் கிடையாது. கணவாயின் அடிவாரம் அதைவிட முக்கியம். அங்கே ஒருவரை நிறுத்துங்கள். போட்டுக்கொள்ளாமல் மேலே விடாதீர்கள்.

எய்ட் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பந்திக்கு முந்து என்பார்கள், உங்கள் பந்தயத்தில் பிந்தி வருகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். மாலையில் மேசை நிறைய இருந்த உப்பிட்ட உருளைக்கிழங்கு போயிருக்கும், கோலா தீர்ந்திருக்கும், சூப் பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டி ஆறிக் கிடக்கும். முன்னால் போனவர்கள் அதிகம் சாப்பிட்டுவிட்டார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் நிற்பதே இல்லை. குடுவையை நீட்டுவார்கள், நிரப்புவோம், போய்விடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னால் வருகிறவர்தான் நாற்காலியில் உட்காருகிறவர், சூடாக ஏதாவது கேட்கிறவர், காலுறையைக் கழற்றிக் கொப்புளத்தைக் காட்டுகிறவர். அவருக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் ஸ்டேஷனில் ஆளும் பொருளும் மிகக் குறைவு. மருத்துவர் தூங்கப் போயிருப்பார். அவரும் மனிதர்தான், விடிகாலையிலிருந்து நிற்கிறார். அதனால்தான் சொல்கிறேன்: இருக்கிற ஆட்களை வைத்து இரண்டு ஷிஃப்ட் போடுங்கள், அனுபவசாலிகளை இரண்டாவது ஷிஃப்ட்டில் போடுங்கள். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. பேர்பெற்ற ஓட்டக்காரர் வருகிற நேரத்துக்கு எல்லோரும் திரண்டு நிற்கிறார்கள், விடிகாலை மூன்று மணிக்குப் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பையன் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான்.

அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, ராத்திரி வருகிறவரிடம் ‘என்ன வேணும்?’ என்று கேட்காதே. அவரால் பதில் சொல்ல முடியாது. தூக்கமில்லாத மூளைக்கு அது பெரிய கணக்கு. மேசையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிடுவார். ‘இதைப் பிடிங்க, குடிங்க’ என்று கோப்பையைக் கையில் வைத்தால் குடித்துவிடுவார். பேரைக் கேள், எந்த ஊர் தாண்டி வந்தீர்கள் என்று கேள், அடுத்த ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேள். வார்த்தை குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார வைத்துவிட்டு மருத்துவரை எழுப்பு. பாறையை ஆள் என்று நினைத்துப் பேசிவிட்டு வருகிறவர்கள் இரண்டாவது ராத்திரியில் சகஜம். அது தூக்கத்தின் வேலையா, குளிரின் வேலையா, அதைவிட மோசமான ஒன்றா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பையனால் முடியாது. பிரிக்க வேண்டியதும் அவன் வேலை இல்லை, எழுப்ப வேண்டியதுதான் அவன் வேலை.

இரண்டாவது, தண்ணீர். வருகிறவரிடமெல்லாம் ‘நல்லா தண்ணி குடிங்க’ என்று சொல்வது அன்பான பேச்சு, ஆபத்தான அறிவுரை. தேவைக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். மெதுவாகப் போகிறவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரமோ அதிகம். வெறும் 42 கி.மீ.யில் இந்த நிலை என்றால் முப்பது, நாற்பது மணி நேரம் போகிறவரை நினைத்துப் பாருங்கள். விரல் வீங்கி மோதிரம் இறுகியிருக்கிறதா, கைக்கடிகார வார் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மயக்கமாக வருகிறவருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் போகட்டும். அப்படியே வலி மாத்திரையையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் தசை சிதைந்து சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கும்போது ஐபுப்ரோஃபென் என்ன செய்யும் என்பது உங்கள் மருத்துவருக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் பற்றிப் பேசாமல் வால்பக்கத்து ஆள் எழுதுகிற மடல் முடியுமா? ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதை நான் கேட்கப்போவதில்லை. கட்-ஆஃபைத் தளர்த்துங்கள் என்று கேட்க மாட்டேன். 2015 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் 70 வயது குன்ஹில்ட் ஸ்வான்சன் 29 மணி 59 நிமிடம் 54 விநாடியில் முடித்தார், ஆறு விநாடி மிச்சம். அமெரிக்காவின் டென்னசி மலைக்காட்டில் நடக்கும் பார்க்லி ஓட்டத்தில் 2024-இல் ஜாஸ்மின் பாரிஸ் 60 மணி நேர வரம்புக்கு 99 விநாடி மிச்சம் இருக்கும்போது முடிவுக்கோடான மஞ்சள் கேட்டைத் தொட்டார், ஐந்து சுற்றையும் முடித்த முதல் பெண். அந்த ஆறு விநாடிக்கும் தொண்ணூற்றொன்பது விநாடிக்கும் மதிப்பு வந்ததே, தாண்டியிருந்தால் கிடைத்திருக்காது என்பதால்தான். அழுதால் ஐந்து நிமிடம் கூட்டித் தருகிற பந்தயத்தில் முடித்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கும்.

என் குறை வேறு: அந்த நேரங்களை எப்படிப் போட்டீர்கள் என்பதில். பல பந்தயங்களில் மொத்த நேரத்தைத் தூரத்தால் வகுத்து இடைநிலைக் கட்-ஆஃப் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். 100 கி.மீ.க்கு 20 மணி நேரம் என்றால் 8 கி.மீ.க்கு 1 மணி 36 நிமிடம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே ஒரு கணக்குச் சொல்லிவைத்தார்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தப்படி 8 கி.மீ. தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள பகுதிக்குக் கிட்டத்தட்ட 3 மணி 15 நிமிடம் ஆகும். அதுவும் நல்ல வானிலையில், திடமான ஆளுக்கு. சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கமும் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துத்தான் பந்தயத்தின் கடினத்தை அளக்கிறது. கணக்கு தெரியாமல் இல்லை, கடைசி ஆளுக்காக அதைப் போட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். விளைவு இரண்டு விதமாக வருகிறது. முதல் ஏற்றத்தில் கட்-ஆஃப் நெருக்கமாக இருந்தால் மெதுவாகப் போகிறவர்கள் பயந்து ஓடி, நாலு மணி நேரத்திலேயே காலி ஆகிவிடுகிறார்கள். பின்பாதியில் அது தாராளமாக இருந்தால் இருட்டில், களைத்த காலோடு, பந்தயத்தின் மிக மோசமான இறக்கத்துக்குள் அவர்களை நீங்களே அனுப்பிவைக்கிறீர்கள். ஆபத்தான பகுதிக்கு முன்னால் இறுக்கமாகவும், அதற்கு முந்தைய இடங்களில் நியாயமாகவும் போடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தூரம், ஏற்றம், இறக்கம், அங்கே கடைசி ஆள் பகலில் இருப்பாரா ராத்திரியிலா, எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடுங்கள். ஓடுகிறவரும் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

விலகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. டி.என்.எஃப்., அதாவது முடிக்காமல் விலகுவது, அவமானம் என்ற பேச்சு ஓட்டக்காரர்கள் நடுவே இருக்கிறது, அதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் விலகுகிறவர் நனைந்த சட்டையோடு தகரக் கொட்டகையில் மூன்று மணி நேரம் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், உடம்பு முடியாதவரும் ‘இதற்கு நடந்தே போய்விடலாம்’ என்று கிளம்புவார். போகக் கூடாத நிலையில் போவார். எந்த ஸ்டேஷனில் விலகினால் எப்போது வண்டி வரும், வண்டி வராத ஸ்டேஷன் எது, அங்கிருந்து இறங்க எந்தப் பாதை என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளும் புத்தி எங்களுக்கும் வரும்.

அடுத்து ஸ்வீப்பர்கள், அதாவது கடைசி ஆளுக்குப் பின்னால் வந்து பாதையை மூடுகிறவர்கள். நான் ஓடிய ஒரு பந்தயத்தில் எனக்குப் பின்னால் வர வேண்டிய ஸ்வீப்பர்கள் எனக்கு முன்னால் போய் ரிப்பன்களைக் கழற்றிவிட்டார்கள். ஏதோ ஒரு ஸ்டேஷனில் எண்ணிக்கை தவறிவிட்டது. நான் விலகிவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள். பிரிகிற பாதையில் ஹெட்லேம்ப் வெளிச்சத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்து, ரிப்பன் கட்டியிருந்த கிளையில் நூல் மட்டும் தொங்குவதைப் பார்த்து, இதுதான் வழி என்று முடிவெடுத்தேன். சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய கதைதான், மழை இல்லை, பசியில்லை. ஆனால் அந்த ராத்திரி அமைப்பாளரின் கணினியில் நான் மலையிலேயே இல்லை. ஜி.பி.எஸ். டிராக்கர் நல்லது, பள்ளத்தாக்கில் சிக்னல் போகும், பேட்டரி தீரும். நம்பரில் ஒட்டிய சிப், நேரம் பதிகிற பாயைத் தாண்டும்போது மட்டும்தான் பேசும். இவற்றோடு ஒரு சாதாரண நோட்டும் பேனாவும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கட்டும். உள்ளே வந்தவர் எத்தனை, வெளியே போனவர் எத்தனை, விலகியவர் எத்தனை. கூட்டிப் பார்த்து ஒத்துவந்த பிறகு ஸ்டேஷனை மூடுங்கள். ஒத்துவராவிட்டால் மூடாதீர்கள். ரிப்பனை மறுநாள் போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

‘மலைக்கு வருகிறவர் ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் வர வேண்டும், கையெழுத்தும் போட்டிருக்கிறார்’ என்பார் உங்களில் சிலர். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். மலையை மெத்தை போட்டு மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பார்க்லியில் ரிப்பன் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது, பாதையில் உதவிக்கு ஆளும் கிடையாது. ஆனால் அது எதையும் மறைக்கவில்லை, உள்ளே போகிறவர் தெரிந்தேதான் போகிறார். வண்ண வண்ணமாக விளம்பரம் போட்டு, ‘முழு ஆதரவுடன்’ என்று எழுதி, முதல் முறை வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆதரவு காணாமல் போகிற பந்தயம் வேறு வகை. தெரிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குத்தான் கையெழுத்து செல்லும். சொல்லாமல் விட்ட ஆபத்துக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதும் அப்படித்தான். யு.டி.எம்.பி. 2010-இல் புயல்மழையால் நடுவிலேயே நிறுத்தப்பட்டது, 2012-இல் மோசமான வானிலையால் பாதை நூறு கிலோமீட்டர் சொச்சமாகச் சுருக்கப்பட்டது. எத்தனையோ பேருக்கு வருத்தம், எரிச்சல், வருடக்கணக்கான பயிற்சி வீண் என்ற புலம்பல். அந்த முடிவுகளின் பக்கம்தான் நான் நிற்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு, காற்று எவ்வளவு, மின்னல் எவ்வளவு தூரத்தில் என்றால் நிறுத்துவீர்கள் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். ஸ்பான்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. கடைசி ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னணி ஓட்டக்காரர் முகட்டைத் தாண்டிவிட்டார் என்பது பந்தயம் முகட்டைத் தாண்டிவிட்டதாக ஆகாது.

உங்களால் மாற முடியாது என்று நான் நினைக்கவில்லை. 2018 யு.டி.எம்.பி.யில், பிரசவமாகி மூன்று மாதமான சோஃபி பவர் இத்தாலியின் கூர்மாயூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கும் படம் உலகெங்கும் போனது. காயம்பட்டவருக்குப் பந்தய இடத்தை வேறொரு வருடத்துக்குத் தள்ளிவைக்க வழியிருந்தும் கர்ப்பமானவருக்கு அன்று இல்லை. இன்று பல பெரிய பந்தயங்களில் அந்த வசதி வந்துவிட்டது. ஒரு படம் செய்த வேலை. வால்பக்கத்தில் யாரும் படம் எடுப்பதில்லை, அதனால்தான் மடல் எழுத வேண்டியிருக்கிறது.

காசுக்கு எங்கே போவது என்பீர்கள். மெடலையும் டி-ஷர்ட்டையும் நிறுத்துங்கள், என் அலமாரியில் இடமில்லை. முடிவுக்கோட்டில் காற்றடைத்த வளைவு சின்னதாக இருந்தால் போதும். அப்படியும் பற்றாது என்றால் ஆட்களைக் குறையுங்கள். காப்பாற்றக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் நம்பர் விற்காதீர்கள். குலுக்கலில் எனக்கு இடம் கிடைக்காமல் போகலாம், போகட்டும்.

அடுத்த பதிவுக்கான அறிவிப்பு வரும்போது உங்கள் பக்கத்தில் நான் தேடப்போவது இவைதான்: பகுதிவாரியான கட்-ஆஃப் கணக்கு, விலகினால் வண்டி வரும் நேரம், ராத்திரி ஷிஃப்ட்டில் மருத்துவர் எங்கெங்கே இருப்பார் என்ற பட்டியல், நிறுத்துவதற்கான விதிகள். நான்கும் இருந்தால் அன்றைக்கே பணம் கட்டுகிறேன். இல்லையென்றால், ஓட வேண்டாம், தன்னார்வலராக வருகிறேன். விடிகாலை மூன்று மணி ஷிஃப்ட்டை எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வால்பக்கத்தில் ஓடும் ஒருவன்